பெட்டியில் வந்த பெட்டிக்கடை

கோடை விடுமுறைக்கு மகளை அழைத்துக்கொண்டு பெங்களூரிலிருந்து வரும்போது, தான் வந்து சேருவதற்கும் அது வந்து சேருவதற்கும் சரியாக இருக்கட்டும் என்று கணக்குப் போட்டு, என் தங்கை எங்கள் தர்மபுரி வீட்டு முகவரிக்கு ஒரு மிட்டாய்ப் பெட்டியை இணையத்தில் வாங்கி அனுப்பியிருந்தாள். ‘அந்தக் காலத்துப் பள்ளிக்கூட மிட்டாய்கள்’ என்று இப்போது பல நிறுவனங்கள் விற்கும் தொகுப்புகளில் அதுவும் ஒன்று. விலை 649 ரூபாய், எடை 900 கிராம். உள்ளே 22 வகைத் தின்பண்டங்கள், ஒரு பம்பரம், பத்துக் கோலி, ஒரு தகர விசில். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. ஏனென்றால் இதற்கு முன் நண்பர்கள் வீட்டில் நான் பார்த்த வேறு இரண்டு பெட்டிகளிலும் ஏறக்குறைய இதே சரக்குத்தான் இருந்தது. குறையும் நிறையும் எல்லாருக்கும் பொதுவானவையே.

இதை எடைபோட எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், நான் பெட்டிக்கடைக்காரியின் பேரன். என் ஆயா, காரிமங்கலத்துக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், தொடக்கப்பள்ளிக்கு எதிரே இருபது ஆண்டுகளுக்கு மேல் கடை வைத்திருந்தார். நான்கு கால் நட்டு, தகரக் கூரை போட்டு, முன்பக்கப் பலகையைக் கீழே இறக்கினால் அதுவே கல்லாவாகவும் சரக்கு பரப்பும் மேசையாகவும் ஆகிவிடும் கடை. அதில் ஏழு கண்ணாடிப் பாட்டில்கள் வரிசையாக இருக்கும். மூடி துருப்பிடித்து இறுகிவிடும் பாட்டிலைத் திறப்பதற்கென்றே என்னைக் கூப்பிடுவார். விடுமுறை நாள்களில் அந்தப் பலகைக்குப் பின்னால் உட்கார்ந்து கமர்கட் எண்ணியும், காகிதத்தைக் கூம்பாகச் சுற்றியும், எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்து வாயில் போட்டும் வளர்ந்தவன் நான். ஆகவே இந்தப் பெட்டி எனக்குப் பரிசாக வந்ததாகத் தோன்றவில்லை, பழைய சரக்கைச் சரிபார்க்கச் சொல்லி வந்ததாகவே தோன்றியது.

முதலில் பெட்டி. அட்டையின் மேல் சைக்கிள் டயர் உருட்டும் பையனின் படம், பாவாடை கட்டிய பெண்ணின் படம், ஆலமரம் என்று எல்லாம் அழகாகத்தான் அச்சிட்டிருந்தார்கள். திறந்தபோது தேன் மிட்டாய்ப் பொட்டலம் பிரிந்து, பாகு வழிந்து, கீழ் வரிசையில் இருந்த ஏழெட்டுச் சிறு பொட்டலங்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருந்தது. மே மாதத்துத் தர்மபுரி வெயிலில் சரக்கு வண்டியில் இரண்டு நாள் கிடந்த பெட்டி வேறு எப்படி வரும் என்று நியாயம் பேசலாம். ஆனால் பாகு உள்ள பண்டத்தைப் பாகு இல்லாத பண்டங்களின் தலைமேல் வைப்பது எந்த வெயிலிலும் தவறுதான். ஆயா தேன் மிட்டாய் பாட்டிலை எப்போதும் வரிசையின் கடைசியில், தனியாக ஒரு தட்டின்மேல், தட்டில் கொஞ்சம் தண்ணீர் விட்டு வைத்திருப்பார். எறும்புக்கு அது அகழி.

அந்தத் தேன் மிட்டாயில் தேன் ஒரு சொட்டும் கிடையாது என்பது தின்றவர் அனைவருக்கும் தெரியும். அரிசியையும் உளுந்தையும் ஊறவைத்து அரைத்து, நிறம் சேர்த்து, எண்ணெயில் கிள்ளிப் போட்டுப் பொரித்து, சூடு ஆறுவதற்குள் சர்க்கரைப் பாகில் தள்ளுவதுதான் அதன் கதை. பாகு சரியான பதத்தில் இருந்தால் மேல்தோல் லேசாக முறுகியும், பல் பட்டதும் உள்ளிருந்து பாகு வாயில் பீய்ச்சியும் வரும். பதம் மீறினால் மேலே சர்க்கரை பூத்து வெள்ளை பிடிக்கும், உள்ளே மாவு மட்டும் மிஞ்சும். பெட்டியில் வந்தவற்றில் பாதி முதல் வகை, பாதி இரண்டாம் வகை. முதல் வகையைத் தின்றபோது என் அம்மா கண்ணை மூடிக்கொண்டார் என்பதையும் நேர்மையாகப் பதிவு செய்ய வேண்டும்.

கமர்கட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. மற்ற மிட்டாய்களை ஆயா தர்மபுரிக் கடைவீதியில் மொத்த விலைக்கு வாங்கி வருவார். கமர்கட்டை மட்டும் வீட்டில்தான் செய்வார். கடத்தூர்ப் பக்கத்திலிருந்து வரும் வெல்லத்தை உடைத்துத் தண்ணீரில் கரைத்து, மண்ணும் சக்கையும் போக வடிகட்டி, மறுபடி அடுப்பில் ஏற்றிக் காய்ச்சுவார். ஒரு கிண்ணத்தில் குளிர்ந்த தண்ணீர் பக்கத்தில் இருக்கும். பாகில் ஒரு சொட்டை அதில் விட்டு, கெட்டியானதும் எடுத்துத் தட்டில் போட்டுப் பார்ப்பார். ‘டங்’ என்று சத்தம் வரும்வரை தேங்காய் உள்ளே இறங்காது. தேங்காய்த் துருவலை அதற்கு முன்பே ஈரம் போக வறுத்து வைத்திருக்க வேண்டும். ஈரம் தங்கினால் நான்காம் நாளே காறல் வாடை வரும். பிறகு கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, சூடு பொறுக்கப் பொறுக்க உருட்ட வேண்டும். ஆறினால் பாறையாகிவிடும் என்பதால், அந்தக் கால்மணி நேரத்துக்கு வீட்டில் இருக்கும் எல்லாக் கைகளும் ஆயாவுக்கு வேண்டும். உள்ளங்கை சிவந்து போன எங்களுக்குக் கூலி, தட்டில் ஒட்டிய சுரண்டல்.

அப்படி உருட்டிய கமர்கட்டை யாரும் கடிப்பதில்லை. கடவாயில் ஒதுக்கிக்கொண்டால், பள்ளி மணி அடித்து, வருகைப் பதிவேட்டில் பெயர் கூப்பிட்டு, ‘உள்ளேன் ஐயா’ என்று கன்னம் புடைக்கச் சொல்லி மாட்டிக்கொள்ளும்வரை கரையாது. பங்கு கேட்கிறவன் வந்தால் சட்டை நுனியில் சுற்றிக் காக்காய்க் கடி கடித்துத்தான் கொடுக்க வேண்டும், அதுவும் எளிதில் உடையாது. பெட்டியில் வந்த கமர்கட் கடித்த உடனே பற்களுக்கிடையே இழுபட்டு, ஒரு நிமிடத்தில் கரைந்து போயிற்று. பொட்டலத்தின் பின்புறத்தைப் படித்துப் பார்த்தேன். வெல்லத்துக்கு முன்னால் லிக்விட் குளுக்கோஸ் இடம்பெற்றிருந்தது. உருட்டும் கைகளுக்குப் பதில் இயந்திரம் வந்தால் பாகு மென்மையாக இருப்பதுதான் அதற்கு வசதி. பல் போகாது என்று வாங்குகிறவர்களும் மகிழ்வார்கள். இருந்தாலும் அதற்குக் கமர்கட் என்று பெயர் வைப்பது அநியாயம். போதாக்குறைக்கு, நான் சொன்ன அந்தக் காறல் வாடையும் லேசாக இருந்தது. பெட்டியின் மிகப் பெரிய ஏமாற்றம் இதுவே.

கடலை மிட்டாய் நன்றாக இருந்தது, கோவில்பட்டி என்று அட்டையில் எழுதியிருந்தார்கள். 2020இல் புவிசார் குறியீடு பெற்ற பெயரைப் போட்டுக்கொண்டு மோசமான சரக்கை அனுப்ப யாரும் துணிய மாட்டார்கள் போலும். எள்ளுருண்டையிலும் குறை இல்லை. சூடமிட்டாய், சீரக மிட்டாய், ஆரஞ்சுச் சுளை மிட்டாய் ஆகியவை சர்க்கரையும் வாசனையும் மட்டுமே என்பதால் அப்போதும் இப்படித்தான், இப்போதும் இப்படித்தான். பொருள்விளங்காய் உருண்டை சுக்குக் காரத்தோடு, சுவரில் அடித்தால் சுவர் பெயரும் கெட்டியில் இருந்தது. அதைச் செய்தவருக்கு என் வணக்கம்.

ஜவ்வு மிட்டாய் விஷயத்தில் மட்டும் எனக்கு என் பால்யத்தின் பக்கம் நின்று வாதாட மனம் வரவில்லை. பெட்டியில் வந்தது மங்கிய, அழுக்கு ரோஜா நிறத்தில் இருந்தது. பீட்ரூட் சாறு சேர்த்ததாக எழுதியிருந்தது. திருவிழாவில் மூங்கில் கழியின் உச்சியில் கைதட்டும் பொம்மையோடு வந்தவர், எங்கள் மணிக்கட்டில் கடிகாரமாகச் சுற்றிவிட்ட மிட்டாயின் நிறம் கண்ணைப் பறிக்கும்; நாக்கில் பட்டது மறுநாள் காலைவரை போகாது. அந்த நிறம் எதிலிருந்து வந்தது என்று எந்தப் பெரியவரும் கேட்டதில்லை. துணிச் சாயமான ரோடமைன் பி கலந்திருந்ததால் 2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சு மிட்டாய்க்குத் தடை விதித்த செய்தியைப் படித்த அன்று, ஆயாவின் ஏழு பாட்டில்களில் எத்தனை பாட்டில்கள் அப்படிப் பளபளத்தன என்று எண்ணிப் பார்த்தேன். மூன்று. நாங்கள் சுற்றிக் கொடுத்த காகிதமும் அச்சு மை ஒட்டும் பழைய செய்தித்தாள்தான். ஆகவே மங்கிய நிறத்துக்காக இந்த நிறுவனத்தை நான் பாராட்டுகிறேன்; பழைய நிறம் வேண்டும் என்று விமர்சனப் பகுதியில் எழுதுகிறவர்கள் தயவுசெய்து மறுபடி யோசிக்கட்டும்.

அடுத்து இலந்தவடை. இலந்தைப் பழத்தைக் கொட்டையோடு உரலில் இடித்து, வெல்லமும் உப்பும் மிளகாயும் பெருங்காயமும் சேர்த்துத் தட்டி, வெயிலில் காயவைத்தது என்றால், பாதி நேரம் கொட்டைத் துணுக்கைத் துப்புவதிலேயே போகும். அந்தத் துப்பும் வேலைதான் ஒரு வடையை ஒரு முழு வழிநடைக்கு நீட்டித்தது. பெட்டியில் வந்தது கொட்டையே இல்லாத வழவழப்பான வில்லை. புளிப்பு உண்டு, காரம் உண்டு, வேலை இல்லை.

புளி மிட்டாயைப் பற்றிச் சொல்லும்போது ஊர்ப்பற்று தலைதூக்குவதை மன்னிக்க வேண்டும். தர்மபுரிக்காரனுக்குப் புளியை விற்பது என்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பது. மாசி, பங்குனியில் எங்கள் ஊர்ப் பக்கம் எந்தத் திண்ணையைப் பார்த்தாலும் பெண்கள் சிறு சுத்தியலோடு உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருப்பார்கள். ஓடு ஒரு பக்கம், நார் ஒரு பக்கம், கொட்டை ஒரு பக்கம் என்று குவியும். புதுப் புளியில் ஒரு கைப்பிடி எடுத்து, உப்பும் வரமிளகாயும் சீரகமும் வெல்லமும் வைத்து அம்மியில் நசுக்கி, ஈர்க்குச்சியின் முனையில் உருட்டிக் குத்திக் கொடுத்தால், அதுதான் எங்களுக்குக் குச்சி மிட்டாய். கொட்டையும் வீணாகாது. வறுத்து ஊறவைத்தால் கடித்துக்கொண்டே திரியலாம். ஒரு பக்கத்தைக் கல்லில் உரசி வெள்ளையாக்கினால் தாயத்துக்குக் கட்டை. தரையில் பரபரவென்று தேய்த்துப் பக்கத்தில் இருப்பவன் தொடையில் வைத்தால் அவன் துள்ளி எழுவான். இவ்வளவு இருந்தும், பெட்டியில் வந்த புளி மிட்டாய்தான் 22 வகைகளில் எனக்கு மிகவும் பிடித்தது. சர்க்கரையைக் கொட்டி அதை யாரும் கெடுக்கவில்லை. மிளகாய் நாக்கின் ஓரத்தில் சுரீர் என்று தைத்தது, தாடை ஓரம் கூசியது. ஐந்து துண்டுகள் மட்டுமே வைத்திருந்தார்கள் என்பதுதான் வருத்தம்.

மாம்பழ வில்லை ஒன்றும் இருந்தது. தோத்தாபுரி மாம்பழக் கூழ் என்று பின்னால் எழுதியிருந்ததைப் படித்ததும் சிரித்துவிட்டேன். பெங்களூரா என்றும் கிளிமூக்கு என்றும் நாங்கள் சொல்லும் ரகம் அது. கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆலைகளில் கூழாகி டின்னில் ஏறிப் போவது பெரும்பாலும் அதுதான். நான் பள்ளியில் படித்தபோது கிருஷ்ணகிரியும் எங்கள் மாவட்டத்தில்தான் இருந்தது, 2004இல்தான் தனியாகப் பிரிந்தது. அங்கிருந்து கூடையில் வரும் கிளிமூக்கு மாங்காயை ஆயா நீளவாக்கில் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவிப் பலகையில் அடுக்கிவைப்பார். பழுத்தால் கொஞ்சம் அசடாகிவிடும் மாம்பழம் அது, அதன் பெருமையெல்லாம் காயில்தான். காயைப் பெட்டியில் அடைக்க முடியாது என்பதால் நிறுவனத்தைக் குறை சொல்வதற்கில்லை.

பம்பரத்துக்கு வருவோம். பிளாஸ்டிக் பம்பரம், ஆணி இருக்க வேண்டிய இடத்தில் மழுங்கிய ஒரு குமிழ். குழந்தைகளின் பாதுகாப்புக்காக என்று துண்டுச்சீட்டு வேறு. மரப் பம்பரம் வாங்கியதும் நாங்கள் செய்யும் முதல் வேலை, ஆணியைக் கல்லில் தீட்டிக் கூராக்குவது. இரண்டாவது வேலை, சாட்டையின் முனையில் முடிச்சுப் போடுவது. வட்டத்துக்குள் கிடக்கும் மற்றவன் பம்பரத்தில் ஆணி இறங்கி ஆக்கர் விழும்போது எழும் சத்தத்தை எந்தப் பிளாஸ்டிக்கும் தராது. என்றாலும் ஆணி என் தம்பியின் காலில் இறங்கி அரசு மருத்துவமனைக்கு ஓடிய நாளும் நினைவில் இருப்பதால், இதற்கு நான் மதிப்பெண் போடாமல் விடுகிறேன். கோலிகள் நல்ல கண்ணாடி. விசில் ஊதினால் காற்று மட்டும் வந்தது.

ஒட்டிப்போன பொட்டலங்களைப் படம் எடுத்து நிறுவனத்துக்கு அனுப்பினேன். மறுநாளே மன்னிப்புக் கேட்டுப் பதில் வந்தது, அடுத்த முறை வாங்கினால் நூறு ரூபாய் தள்ளுபடி என்றும் இருந்தது. பணத்தைத் திருப்பித் தரும் பேச்சே இல்லை.

விலையைப் பார்ப்போம். இதே வகைகளில் கிடைத்தவற்றையெல்லாம் தர்மபுரிக் கடைவீதியில் ஒரு மாலை நடந்து வாங்கிப் பார்த்தேன். 17 வகை கிடைத்தன, எல்லாமாகச் சேர்ந்து 280 ரூபாய் ஆயிற்று. எடை ஒரு கிலோவைத் தாண்டியது. எங்கள் ஊரில் இருப்பவர்கள் இந்தப் பெட்டியை வாங்கத் தேவையே இல்லை. கடைவீதிக்குப் போக முடியாத தூரத்தில், வெளிமாநிலத்திலோ வெளிநாட்டிலோ இருப்பவர்களுக்குத் தாராளமாகப் பரிந்துரைப்பேன். ஆனால் மார்கழி, தை மாதங்களில் வரவழையுங்கள்.

இதையெல்லாம் விடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. அதற்கு நிறுவனம் பொறுப்பாகாது என்றாலும் சொல்லாமல் விட முடியவில்லை. ஆயாவின் கடைக்கு ஒரு பையன் ஆறு பட்டை வைத்த இருபது பைசாவோடு வந்தால், அவனால் இரண்டு கமர்கட் வாங்க முடியும். அல்லது ஒரு கமர்கட்டும் இரண்டு ஆரஞ்சு மிட்டாயும் வாங்கலாம். அல்லது ஒரு மாங்காய்ப் பத்தை. பலகையைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில் நின்று, ஏழு பாட்டில்களையும் மாறிமாறிப் பார்த்து அவன் முடிவெடுக்கும்வரை ஆயா ஒரு வார்த்தை பேச மாட்டார், ஈயை மட்டும் ஓட்டிக்கொண்டிருப்பார். வாங்கியதைவிட, வாங்காமல் விட்டதைப் பற்றியே அவன் வகுப்பில் நினைத்துக்கொண்டிருப்பான். 2011 ஜூன் 30ஆம் தேதியோடு 25 பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்ட காசுகளும் செல்லாமல் போயின. கடை அதற்கு முன்பே போய்விட்டது. நெளிந்த விளிம்பு வைத்த பத்துப் பைசா, சதுரமான ஐந்து பைசா என்று கல்லாவில் மிஞ்சிய காசுகள் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய அம்மாவிடம் இன்னும் இருக்கின்றன. 22 வகையும் ஒரே நேரத்தில் மடியில் வந்து விழும்போது, எதைவிடுவது என்ற கேள்விக்கே இடமில்லை. நாங்கள் நான்கு பேரும் முதல் நாள் மாலை எல்லாவற்றிலும் ஒவ்வொன்றைத் தின்றோம். இரண்டாம் நாள் யாரும் பெட்டியைத் தொடவில்லை.

மூன்றாம் நாள் மதியம் தூங்கி எழுந்து வெளியே வந்தபோது, என் தங்கை மகள் வாசல் திண்ணையில் பழைய பலகை ஒன்றைச் செங்கல் மேல் வைத்து, பெட்டியில் மிச்சம் இருந்ததையெல்லாம் அம்மாவின் அஞ்சறைப்பெட்டிக் கிண்ணங்களில் வகைவகையாகப் பிரித்துப் பரப்பியிருந்தாள். தெருப் பிள்ளைகள் மூன்று பேர் கையில் காசோடு நின்றார்கள். அவளுக்கு ஆயாவைத் தெரியாது. அவள் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே ஆயா போய்விட்டார். மீதியிருந்த ஒரே ஒரு புளி மிட்டாயைத் தனிக் கிண்ணத்தில் வைத்து, அதற்கு மட்டும் நான்கு ரூபாய் என்று விலை வைத்திருந்தாள். மற்றதெல்லாம் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய். நான் ஐந்து ரூபாய் நாணயத்தை நீட்டிப் புளி மிட்டாய் கேட்டேன். வாங்கிக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டு, மிட்டாயை எடுத்துக் கொடுத்தவள், மீதிக்குத் துழாவிப் பார்த்துவிட்டு, “சில்லறை இல்ல மாமா” என்று சொல்லி என் உள்ளங்கையில் ஓர் ஆரஞ்சு மிட்டாயை வைத்தாள்.